பரோட்டா சாப்பிட்ட இரவில் சர்க்கரை ஏன் தாமதமாக ஏறுகிறது?

முதல் வகை நீரிழிவில், கணையத்தின் பீட்டா செல்களை நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. ஆகவே இன்சுலின் வாழ்நாள் முழுக்கத் தேவை. உணவும் உடற்பயிற்சியும் அதற்குத் துணை, மாற்று அல்ல.

உணவில் கொழுப்பைக் குறைப்பது ஏன்? கொழுப்பு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எண்ணெயில் ஊறிய பரோட்டாவின் மாவுச்சத்து மெதுவாக இறங்கும். இன்சுலின் ஊசியின் வேகம் தணிந்த பிறகு, நள்ளிரவில் சர்க்கரை ஏறும். இட்லியில் கொழுப்பு குறைவு. சர்க்கரை சீக்கிரமே ஏறுவதால் ஊசி நேரத்தைப் பொருத்துவது எளிது.

உடற்பயிற்சி எப்படி உதவுகிறது? உழைக்கும் தசை இன்சுலின் உதவியின்றியும் குளுக்கோஸை இழுக்கும். பிறகு ஓய்விலும், தீர்ந்த குளுக்கோஸ் இருப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் மாலையில் விளையாடியவருக்கு இரவில் சர்க்கரை இறங்கலாம். படுக்குமுன் சோதியுங்கள். 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் பெரியவர்கள் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஊசியை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.