புதுக் கார் வாங்கியிருக்கிறீர்களா? முதல் ஆயிரம் கிலோமீற்றர் பொறுமை வேண்டும்!



புது அம்மி வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே அதில் கறிக்கூட்டு அரைப்போமா? அரைக்க மாட்டோம். தவிட்டையோ பழைய அரிசியையோ போட்டு இரண்டு மூன்று முறை அரைத்து, கல்லிலிருந்து உதிரும் மணலோடு சேர்த்துக் கொட்டிவிடுவோம். புது மண்சட்டியென்றால் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, மெல்லிய நெருப்பில் கொதிக்க வைத்துப் பழக்குவோம். இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. உம்மாவும் மூத்தம்மாவும் சொல்லித் தந்தார்கள்.

சாதாரண மண்சட்டியைப் பழக்கத் தெரிந்த நாம், ஆயுள் முழுவதும் சேர்த்த காசில் வாங்கிய காரைப் பழக்குவதில்லை! கார் வாசலில் வந்து நின்றதும் பிள்ளைகள் ஏறுவார்கள், மச்சான்மார் ஏறுவார்கள். "எவ்வளவு ஓடும் என்று பார்ப்போமே" என்று ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அறுகம்பே வரை ஒரே மிதி! அன்று ஒன்றும் தெரியாது. நாலைந்து வருடம் கழித்து கராஜில் நிற்கும்போதுதான் தெரியும்.

நம் நாட்டில் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் விலை ஏறிய ஏற்றத்தை நீங்கள் அறிவீர்கள். இன்றைக்கு ஒரு புதுக் கார் என்றால் அதில் கணவரின் வெளிநாட்டு உழைப்பு இருக்கிறது, உங்கள் நகை இருக்கிறது, சீட்டுக் காசு இருக்கிறது, மாதா மாதம் கட்ட வேண்டிய லீசிங் இருக்கிறது. ஆகவே இந்த விடயம் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. கணவர் தோஹாவிலோ ரியாதிலோ இருக்கும் வீடுகளில் காருக்குப் பொறுப்பு யார்? நீங்கள்தானே!

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றினுள்ளும் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய இரும்பு வளையங்கள் உண்டு. இவற்றைத்தான் மெக்கானிக்மார் 'ரிங்' என்பார்கள். சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஒயில் வழுகி ஓடிவிடாமல் அந்தக் கீறல்களில் தங்கி நிற்கும்.

புதிதில் ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தியிருப்பதில்லை. ஓட ஓட, சுவரின் நுண்ணிய மேடுகள் தேய்ந்து, ரிங் அதனோடு ஒட்டி உட்காருகிறது. அப்படிச் சரியாக உட்கார்ந்தால் பெற்றோல் எரியும் வேகம் முழுவதும் பிஸ்டனைத் தள்ளும். உட்காராவிட்டால் அந்த வாயு கீழே கசியும், கீழிருக்கும் ஒயில் மேலே ஏறி எரியும். பின்னால் நீலப் புகை வரும். இழுவை குறையும். ஒயில் குறைந்துகொண்டே போகும்.

அதற்காகக் காரைக் குழந்தையைத் தாலாட்டுவது போல ஓட்டவும் கூடாது. ரிங் சுவரோடு பொருந்த ஓரளவு அழுத்தம் தேவை. எப்போதும் மிக மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் சுவர் பளபளப்பாகி, ரிங் பொருந்தாமலே போய்விடக்கூடும். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, மாற்றி மாற்றி ஓட்டுவதே சரியான முறை.

முற்காலத்தில் இது பெரிய சடங்காகவே இருந்தது. இங்கிலாந்தில் புதுக் காரின் பின்கண்ணாடியில் "பழகும் வண்டி, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்" என்று பொருள்பட அட்டை ஒட்டுவார்கள். மொறிஸ் மைனர் காலத்து எஞ்சின்களுக்கு அது தேவைப்பட்டது. இன்றைய தொழிற்சாலைகள் பாகங்களை மிக நுட்பமாகக் கடைந்து அனுப்புவதால் விதிகள் இலகுவாகியிருக்கின்றன. ஆனால் இல்லாமல் போகவில்லை. டொயோட்டா, ஹோண்டா போன்ற கம்பனிகளின் கைநூல்கள் இன்றும் முதல் 1000 கிலோமீற்றருக்கு நிதானம் சொல்கின்றன.

கொழும்பிலிருந்து வீடு வரை

கொழும்பில் இருப்பவர் புதுக் காரை வாங்கினால் பத்துக் கிலோமீற்றரில் வீட்டுக்குப் போய்விடுவார். நமக்கு அப்படியா? கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் வந்து சேர 300 கிலோமீற்றருக்கு மேல். பழக்க வேண்டிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அந்த முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே யார் ஓட்டி வருவது என்பதை முன்கூட்டியே நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். அவசரக்காரரை அனுப்பாதீர்கள்.

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயிலுக்கு முன்னர் பாதித் தூரம் வந்துவிடலாம். கண்டி வழியாக வந்தால் மாவனல்லை தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றம். அங்கே பெரிய கியரில் வைத்துக்கொண்டு எக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் திணறி நடுங்கும். புது எஞ்சினுக்கு அது கெடுதி. நடுக்கம் வருமுன்னரே ஒரு கியர் குறையுங்கள்.

கண்டியைக் கடந்து ஹுன்னஸ்கிரிய வழியாக மகியங்கனைக்கு இறங்கும்போது பேர்போன 18 வளைவு. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. புதுக் காரின் பிரேக்கும் பழகாத பிரேக். பிரேக் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று இன்னும் பொருந்தியிருக்காது. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, பிடிக்காமல் போகலாம். இரண்டாம் கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தேவையான இடத்தில் பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும்.

மகாஓயா, உகணை வழியாக அம்பாறைக்கு வரும் வீதி நேரானது. அங்கே ஒரே வேகத்தில் ஓட்ட ஆசை வரும். வேண்டாம். 45இல் கொஞ்ச நேரம், 60இல் கொஞ்ச நேரம் என்று மாற்றுங்கள். தெற்கு அதிவேகப் பாதையால் மத்தளை வரை வந்து, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதிவேகப் பாதையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவதைத்தான் கைநூல் தவிர்க்கச் சொல்கிறது.

கிளச்சும் கியரும்

புதுக் காரில் கியர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம். கிளச்சை அடிவரை மிதித்து, அவசரப்படாமல் போடுங்கள். போகாவிட்டால் முரட்டுத்தனமாகத் தள்ளாமல், கிளச்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள். வண்டி முழுவதும் நின்ற பிறகே ரிவர்ஸ் போட வேண்டும்.

கிளச் தகடு தேய்வதற்கு முக்கிய காரணம் அரைகுறையாக மிதிப்பது. ஓடும்போது கிளச்சின் மேல் காலைச் சும்மா வைத்திருக்காதீர்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் போகாமல் கிளச்சாலே பிடித்து நிற்காதீர்கள். ஹேண்ட் பிரேக் அதற்காகத்தான் இருக்கிறது. கல்முனை பஸ் நிலையத்தடியில் நெரிசலில் நிற்க நேர்ந்தால் நியூட்ரலில் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எரிந்த வாசம் வந்தால் அது கிளச் தேயும் வாசம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

சிறிய கார்கள் சிலவற்றில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீற்றர் இருக்காது. அப்போது காதுதான் மீற்றர். எஞ்சின் கத்தினால் கியரைக் கூட்டுங்கள். முக்கி நடுங்கினால் குறையுங்கள். தையல் மெசினின் சத்தத்தை வைத்தே நூல் சிக்கிவிட்டதை அறிகிற உங்களுக்கு இது கஷ்டமல்ல.

நம் ஊர் வீதியில்

வீட்டுக்கு வந்த பிறகு மிச்சத் தூரத்தை எப்படிப் பழக்குவது? காரைதீவுச் சந்தியால் திரும்பி வயல்வெளியூடாக அம்பாறைக்குப் போய் வாருங்கள். அல்லது நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை போய் வாருங்கள். ஊருக்குள் மெதுவாகவும் ஊர் தாண்டினால் கொஞ்சம் வேகமாகவும் போக வேண்டிய வீதிகள் இவை. வேகம் தானாகவே மாறும். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்ற சட்ட எல்லையே புது எஞ்சினுக்கும் போதும்.

காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு வாசலில் கால்மணி நேரம் உறும விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அது தேவையில்லை. அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினால் போதும். அடிக்கடி முந்நூறு மீற்றர் போய்க் கடையில் நிறுத்துவதும் நல்லதல்ல. எஞ்சின் முழுவதும் சூடாகி ஓடும் பயணங்களே அதைப் பழக்கும்.

முதல் 300 கிலோமீற்றரில் திடீர் பிரேக்கைத் தவிர்க்கப் பாருங்கள். புது ரயரின் மேல்பரப்பும் ஆரம்பத்தில் வழுவழுப்பாக இருக்கும். மழை நாளில் கூடுதல் கவனம். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டாலே பாதிப் பிரேக் மிச்சம். ஆனால் ஒரு பிள்ளையோ ஆடோ குறுக்கே வந்தால் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம், முழுப் பலத்தோடு மிதியுங்கள்! உயிருக்குப் பிறகுதான் கார்.

சம்மாந்துறையிலிருந்து நெல் மூடை ஏற்றி வருவதையும், ஐவர் காரில் எட்டுப் பேர் போவதையும் இந்த நாட்களில் நிறுத்தி வையுங்கள்.

ஒயில் விடயத்தில் அவசரம் வேண்டாம்

"முதல் ஒயிலை உடனே மாற்றிவிடு" என்று பலரும் சொல்வார்கள். பழைய எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. இன்று ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விதி. ஹோண்டா கைநூல்கள், குறித்த காலத்துக்கு முன்னர் முதல் ஒயிலை மாற்ற வேண்டாம் என்கின்றன. வேறு சில கம்பனிகள் 1000 கிலோமீற்றரில் முதல் சேர்விஸுக்கு வரச் சொல்கின்றன. உங்கள் காரின் கைநூல் என்ன சொல்கிறதோ அதுவே தீர்ப்பு. கராஜ்காரர் சொல்வதும் மச்சான் சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

வாரம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓய்ந்து சில நிமிடம் கழிந்ததும் ஒயில் கம்பியை உருவிப் பாருங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில் ஒயில் நிற்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். மேலே மட்டுமல்ல, அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

"எங்களுடையது ஜப்பான் ரீகண்டிஷன் கார்தானே" என்கிறீர்களா? அதன் எஞ்சின் ஏற்கெனவே பழகியது. ஆனால் கிளச் தகடு, பிரேக் கட்டை, ரயர் ஆகியவற்றை மாற்றினால் அவற்றை மட்டும் பழக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றியிருந்தாலோ புதுக் காரைப் போலவே நிதானம் தேவை.

இரவல் கேட்பவருக்கு என்ன சொல்வது?

எஞ்சினைப் பழக்குவதை விடக் கஷ்டமானது இதுதான்! கல்யாண வீட்டுக்குக் கேட்பார்கள். ஓட்டிப் பழக ஒரு பிள்ளை கேட்கும். கணவர் ஊரில் இல்லாத வீட்டில், மறுத்தால் பெருமைக்காரி என்ற பெயர் வரும் என்று பயந்து சாவியைக் கொடுத்துவிடுவோம்.

தயங்காமல் சொல்லுங்கள்: "கைநூலில் ஆயிரம் கிலோமீற்றர் வரை பொறுக்கச் சொல்லியிருக்கு. முடிஞ்சதும் நானே அனுப்பி வைக்கிறேன்." புத்தகத்தின் மேல் பழியைப் போட்டால் யார் மனதும் நோகாது. பழகுநருக்குச் சாரதிப் பயிற்சிப் பாடசாலையின் கார் இருக்கிறது. லைசன்ஸ் எடுத்த நீங்களே ஓட்டுவதானால் இன்னும் நல்லது. ஒரே கையில் பழகும் கிளச்சின் நிலையை அந்தக் கை அறியும்.

ஆனால் நள்ளிரவில் பக்கத்து வீட்டில் பிரசவ வலியென்று கதவைத் தட்டினால், கிலோமீற்றர் கணக்கைப் பார்க்காதீர்கள். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ஒருமுறை வேகமாகப் போவதால் எந்த எஞ்சினும் கெட்டுவிடாது. தினமும் முரட்டுத்தனமாக ஓட்டும் பழக்கம்தான் கெடுக்கும்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

• முதல் 300 கிலோமீற்றர்: பிரேக்கும் ரயரும் பழகும் காலம். இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.
• முதல் 1000 கிலோமீற்றர்: முழு மிதி வேண்டாம், நீண்ட நேரம் ஒரே வேகம் வேண்டாம், சின்னக் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.
• எஞ்சின் நடுங்கினால் கியரைக் குறையுங்கள், கத்தினால் கூட்டுங்கள்.
• டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, கைநூலைப் பாருங்கள்.
• சேர்விஸ் புத்தகத்தில் ஒவ்வொரு தடவையும் முத்திரை குத்தி வாங்குங்கள். உத்தரவாதம் கேட்கும்போது அதுதான் சாட்சி.

கைநூலை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள், காரிலேயே இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் கார் வீட்டுக்கு வந்த திகதியையும் மீற்றரில் காட்டிய எண்ணையும் இன்றே எழுதுங்கள். அந்த எண்ணோடு ஆயிரத்தைக் கூட்டி அடியில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அறுகம்பே போய் வாருங்கள்!