உங்களுக்குத் தெரியுமா? 55 கோடி ஆண்டுப் பாறையில் ஒரு விடுமுறை

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரக் குடும்பங்களுக்கு லங்காவி என்றதும் வரியில்லாச் சாக்லேட்டும் பீங்கான் தட்டும்தான் நினைவுக்கு வரும். 1987இல் கிடைத்த வரிவிலக்கின் மகிமை அது!

ஆனால் கடைத்தெருவைவிட அங்குள்ள பாறைகளுக்கு மவுசு அதிகம். மச்சிஞ்சாங் மலையின் மணற்பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகள் பழையவை. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உருவானவை. மலேசியாவிலேயே மிகத் தொன்மையான பாறைகள் இவைதாம். கேபிள் காரில் ஏறினால் அவற்றின் தலைக்கு மேலேயே 125 மீட்டர் நீளத் தொங்குபாலத்தில் நடக்கலாம். 2007இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக லங்காவி அறிவிக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல்.

லங்காவியை அடுத்த டாயாங் புந்திங் தீவில் இன்னொரு விந்தை: நன்னீர் ஏரி. ஏரிக்கும் உப்புக் கடலுக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் சுவர் மட்டுமே.

கோலக் கெடாவிலிருந்து ஃபெரியில் லங்காவிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிலிம் சதுப்புநிலக் காட்டில் படகோட்டி கருடன்களுக்குக் கோழித்தோல் வீச முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பறவைகள் இரைதேடும் பழக்கமே அதனால் கெடுகிறது.