காரின் இரு கண்கள்

மாலை மங்கியதும் வீட்டு வாயிலில் விளக்கேற்றி வைப்பது தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம். அதற்கென்றே திண்ணைச் சுவரில் மாடக்குழி அமைத்தனர். அவ்விளக்கு வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. தெருவழியே செல்லும் வழிப்போக்கனுக்கு அது மேடுபள்ளம் காட்டிற்று. ‘இங்கே ஒரு வீடு உண்டு’ என்றும் அறிவித்தது. ஆகவே, விளக்கின் பயன் இரண்டு எனலாம். பிற பொருள்களைக் காணச் செய்வது ஒன்று. தன்னைப் பிறர் காணச் செய்வது மற்றொன்று. சாலையில் ஓடும் காரின் முகப்பு விளக்குகளுக்கும் இவ்விரு பயன்களே உரியன. அவற்றுள் முதற்பயனை எல்லாரும் அறிவர். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலை தெற்கு நோக்கிச் சென்று, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் முதலிய ஊர்களைக் கடந்து, வெள்ளாற்றையும் தாண்டிச் சிதம்பரத்தை அடைகிறது. பொழுது புலர்வதற்கு முன்பே இவ்வழிகளில் நடமாட்டம் தொடங்கிவிடும். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மீன் கொண்டு செல்வோர், பால் விற்போர், வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் உழவர் எனப் பலரும் இருளிலேயே புறப்படுவர். கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் மெல்ல ஊர்ந்து செல்லும். மார்கழித் திருவாதிரை நாளிலோ, ஆருத்திரா தரிசனம் காணத் தில்லைக்குச் செல்லும் மக்கள் வெள்ளம் இவர்களோடு சேர்ந்துவிடும். மார்கழிப் பனியும் இறங்கிவிட்டால் ஒருவர் உருவம் மற்றொருவருக்குப் புலப்படுவது அரிது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழும் ஒரு குடும்பத்தார், அத்திருவிழாவிற்கு விடியுமுன் காரில் புறப்பட எண்ணியுள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் மாலை, தந்தை வண்டியைக் கொணர்ந்து வீட்டின் முன் நிறுத்துகிறார். எதிர்ச்சுவரில் இரண்டு ஒளிவட்டங்கள் விழவேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுகிறது. வலப்பக்க விளக்கு எரியவில்லை.

“அப்பா, ஒன்று எரிகிறதே, மெதுவாகச் சென்றால் போதாதா?” என்று மகள் வினவுகிறாள்.

“நமக்குப் போதலாம், அம்மா. எதிரே வருபவருக்குப் போதாது” என்கிறார் தந்தை.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆதலின் காரின் வலப்பக்க விளக்கே சாலையின் நடுப்பகுதியை ஒட்டி வருவது. அஃது அணைந்து, இடப்பக்க விளக்கு மட்டும் எரிந்தால், எதிரே வருபவர் கண்ணுக்குச் சாலையோரத்தில் ஒரே ஒளிப்புள்ளி தோன்றும். ‘மோட்டார் சைக்கிள் ஒன்று ஓரமாக வருகிறது’ என்று அவர் கருதுவார். நடுவில் இடம் இருப்பதாக நம்பி, அவ்வழியே வருவார். அவர் வெற்றிடம் என்று எண்ணிய இருளிலோ காரின் பெரும்பகுதி வந்துகொண்டிருக்கும். உண்மை புலனாகும்போது விலகுவதற்கு நேரம் இராது. ஒற்றை விளக்கோடு ஓடும் கார், தன் அகலத்தைக் குறைத்துக் காட்டிப் பிறரை ஏமாற்றும் கார் ஆகும்.

இதனாலேயே 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் முகப்பு விளக்குகளைப் பற்றித் தெளிவாகக் கூறுகின்றன. சாலையில் 155 மீட்டர் தொலைவில் உள்ள மனிதரும் வண்டியும் தெளிவாகப் புலப்படும்படி விளக்கு ஒளிர வேண்டும். அவ்வொளி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கியும் அமைய வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 20 மீட்டர் கடந்துவிடும். 155 மீட்டரைக் கடக்க எட்டு வினாடிகூட ஆகாது. அந்தச் சில வினாடிகளே ஓட்டுபவர் சிந்திப்பதற்கும் வண்டியை நிறுத்துவதற்கும் கிடைக்கும் காலம்.

இனி, விளக்கினுள் இருக்கும் பல்பின் இயல்பை அறிவோம். மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்க நாள்களில், கால்சியம் கார்பைடின்மீது நீர் சொட்டும்போது எழும் அசெட்டிலீன் வாயுவை எரித்தே பல வண்டிகள் ஒளி பெற்றன. 1879ஆம் ஆண்டில் எடிசன் கரியிழையாலான மின்விளக்கை எரித்துக் காட்டினார். பின்னர், கூலிட்ஜ் என்னும் அறிஞர் டங்ஸ்டன் என்னும் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டார். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆதலின், வெண்சுடராக ஒளிரும் அளவிற்குச் சூடேறியும் அஃது உருகுவதில்லை.

உருகாவிடினும் அவ்விழை சிறிது சிறிதாக ஆவியாகிறது. பழைய பல்புகளில் அவ்வாவி கண்ணாடியில் படிந்து அதனைக் கருக்கச் செய்தது. இக்குறையைப் போக்கவே பல்பினுள் அயோடின், புரோமின் போன்ற ஆலசன் தனிமம் சிறிதளவு சேர்க்கப்பட்டது. இவ்வகை விளக்கிற்கு 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆவியான டங்ஸ்டன் ஆலசனோடு கூடிக் கண்ணாடியில் படியாது திரும்பி வந்து, இழையின்மீதே மீண்டும் படிகிறது. ஆயினும், தேய்ந்த இடத்திலேயே சரியாக வந்து படிவதில்லை. ஆகையால் இழை ஓரிடத்தில் மெலிந்து, ஒருநாள் அறுந்துவிடுகிறது. குளிர்ந்த இழையில் மின்தடை குறைவு. விளக்கைப் போட்டவுடன் மிகுதியான மின்னோட்டம் பாயும். மெலிந்த இழை பெரும்பாலும் அப்பொழுதே அறுகிறது.

கார்கள் பலவற்றில் ‘எச் 4’ என்னும் வகைப் பல்பு உள்ளது. அதன் அளவு 12 வோல்ட், 60/55 வாட். அதனுள் இரண்டு இழைகள் உண்டு. தொலைவு காட்டும் இழை 60 வாட். அருகு காட்டும் இழை 55 வாட். இவற்றின் ஒளியை ஓட்டுநர்கள் ‘பிரைட்’ என்றும் ‘டிம்’ என்றும் வழங்குவர். அருகு காட்டும் இழையின் கீழே சிறிய உலோகத் தடுப்பு ஒன்று இருக்கிறது. அது விளக்குக் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் ஒளி படாதவாறு தடுக்கும். மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். எதிரே வருபவர் கண் கூசாதிருப்பது அச்சிறு தடுப்பின் உதவியால் அன்றோ?

பழுது பல்பில்தானா என்பதை முதலில் ஆராய வேண்டும். ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில் பெரும்பாலும் பல்பே காரணம். இரண்டும் ஒரே வேளையில் அணைந்திருப்பின் பியூஸையோ சுவிட்சையோ ஐயுறுதல் தகும். பியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள பியூஸைத்தான் இடவேண்டும். கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இணைப்புகள் துருவேறுவதும் உண்டு. நல்ல பல்பும் துருவேறிய இணைப்பில் மங்கியே எரியும்.

தந்தையும் மகளும் வேலையைத் தொடங்குகின்றனர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்துச் சாவியை எடுத்துவிடுகின்றனர். எரிந்த பல்பு மிகச் சூடாக இருக்குமாதலால் அது குளிரும்வரை காத்திருக்கின்றனர். பிறகு பானெட்டைத் திறந்து, விளக்கின் பின்புறத்தைப் பார்க்கின்றனர். அங்கே கம்பிகள் வந்து சேரும் ஹோல்டர் பல்பின் மூன்று தகட்டு முனைகளில் செருகப்பட்டிருக்கிறது. கம்பிகளைப் பிடித்து இழுத்தால் அவை அறுந்துவிடும். ஆதலின் தந்தை ஹோல்டரையே பிடித்து நேராக இழுக்கிறார். அடுத்து ரப்பர் மூடியை அகற்றுகிறார். பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பை அழுத்தி ஒருபுறம் விலக்கியதும், பல்பு எளிதில் வெளிவருகிறது. அறுந்த இழை கண்ணுக்குத் தெரிகிறது.

புதிய பல்பை வாங்கும்போது பழைய பல்பின் அடியில் பொறித்துள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ‘ஒளி மிகுதியாக இருக்கட்டும்’ என்று 100 வாட் பல்பை மாட்டுவாரும் உளர். அவ்வெப்பத்தைத் தாங்க முடியாமல் ஹோல்டரும் கம்பியும் இளகும். எதிரே வருபவர் கண்ணும் இருண்டுபோகும். வண்டியைச் செய்தவர் குறித்த அளவே தக்க அளவாகும்.

புதிய பல்பை மகள் ஆவலோடு எடுக்கப் போகிறாள். “கண்ணாடியைத் தொடாதே, அம்மா! அடித்தகட்டைப் பிடி” என்று தந்தை தடுக்கிறார். எவ்வளவு தூய்மையான விரலிலும் சிறிது எண்ணெய்ப்பசை இருக்கும். பல்பு எரியும்போது அப்பசை கருகி, அவ்விடம் மட்டும் மிகுதியாகச் சூடேறும். கண்ணாடி அங்கே வலுவிழந்து விரிசல் காணும். அறியாமல் விரல் பட்டுவிட்டால், ஸ்பிரிட் நனைத்த தூய துணியால் துடைத்து உலர்த்திய பின்னரே மாட்ட வேண்டும். பல்பினுள் வாயு அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால் அதனைக் கீழே போடாமலும் கீறாமலும் கையாள வேண்டும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிவது நன்று.

பல்பின் அடித்தகட்டில் மூன்று காதுகள் உண்டு. அவை ஒரே ஒரு நிலையில்தான் பள்ளங்களில் பொருந்தும். சரியாகப் பொருந்தியதை உறுதி செய்துகொண்டு, கிளிப்பு, ரப்பர் மூடி, ஹோல்டர் ஆகியவற்றை முறையே மாட்டுகின்றனர். மழைநீர் உட்புகாதபடி ரப்பர் மூடி நன்கு படிந்திருக்க வேண்டும்.

விளக்கு எரிந்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. எதிர்ச்சுவரில் இரண்டு ஒளிவட்டங்களும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று நோக்க வேண்டும். ஒன்று மேலே ஏறியிருந்தால், பல்பு கோணலாக அமர்ந்திருக்கிறது என்பது பொருள். மீண்டும் கழற்றிப் பொருத்த வேண்டும். ‘டிம்’, ‘பிரைட்’ இரண்டையும் தனித்தனியே சோதித்தலும் இன்றியமையாதது. பழைய பல்பு உடைந்து குப்பை அள்ளுவோர் கையைக் கிழிக்காதவாறு, அதனைத் தாளில் நன்கு சுற்றி அப்புறப்படுத்த வேண்டும்.

எல்லா வண்டிகளிலும் இவ்வேலையை வீட்டில் செய்ய இயலாது. புதிய கார்கள் சிலவற்றில் எல்.இ.டி. விளக்குகள் முழுத்தொகுதியாக அமைந்துள்ளன. சிலவற்றில் பேட்டரியையோ முன்பம்பரையோ கழற்றினாலன்றிக் கை நுழையாது. அத்தகைய வண்டிகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. தன்னால் இயன்றதைத் தானே செய்வதும், இயலாததை அறிந்து வல்லாரிடம் ஒப்படைப்பதும் ஒருங்கே போற்றத்தக்கன.

மறுநாள் விடியுமுன் அக்கார் சிதம்பரம் நோக்கிச் செல்கிறது. பனித்திரையினூடே எதிரே ஒருவர் சைக்கிளில் பால் கொண்டு வருகிறார். தொலைவிலேயே இரண்டு விளக்குகளைக் கண்டு, ‘கார் வருகிறது’ என உணர்ந்து, தம் பக்கத்தில் ஒதுங்கிச் செல்கிறார். தந்தையும் தம் விளக்கைத் தாழ்த்திக்கொள்கிறார். முதல்நாள் மாலை நிகழ்ந்ததை அப்பால்காரர் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. மாடக்குழியில் விளக்கேற்றிய மூதாட்டி, அதன் ஒளியில் நடந்து சென்ற வழிப்போக்கனின் பெயரைக் கேட்டாளா? முகமறியாதவருக்கும் தீங்கு நேராதபடி தம் விளக்கைக் காத்துக்கொள்வது, சாலையில் செல்வோர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.