கார் ஆம்ப்ளிஃபயர் 'கெய்ன்'... முழுசா திருகினா ஸ்பீக்கர் காலி!

புதுசா சப்வூஃபர் மாட்டின காரில் முதல் வாரம் பாட்டு பட்டையைக் கிளப்பும். ரெண்டு மாசத்துல 'கரகர' சத்தம். அப்புறம் ஒருநாள் கருகல் வாசனையோடு சப்வூஃபர் மௌனமாகிவிடும். "மட்டமான ஸ்பீக்கர்" என்று பழி போடுவோம். ஆனால் பல நேரங்களில் உண்மையான குற்றவாளி, ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 'கெய்ன்' என்ற குட்டித் திருகுதான்.

கெய்ன் என்றால் வால்யூம்தானே?

இல்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் ஒரு மாடலில் 2 வோல்ட் இருக்கும், இன்னொன்றில் 4 வோல்ட் இருக்கும். அதற்கேற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதுதான் கெய்னின் வேலை. அதைக் கூட்டி வைத்தால், ஆம்ப்ளிஃபயர் தன் முழு சக்தியை சீக்கிரமே எட்டிவிடும். அதற்குமேல் வால்யூம் வைத்தால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படும். இதுதான் 'கிளிப்பிங்'. முழுக்க வெட்டுப்பட்டு சதுரமான அலையில், அதே உயரமுள்ள சீரான அலையைவிட இரு மடங்கு சக்தி இருக்கும். அந்தச் சூட்டில் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் கருகிவிடும்.

எவ்வளவு வைக்கலாம்?

ஆம்ப்ளிஃபயரின் ஆர்.எம்.எஸ் வாட்டையும் ஸ்பீக்கரின் ஓம் அளவையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் 400, வர்க்கமூலம் 20. ஆக, 20 வோல்ட். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ் குறைவாக இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். அட்டைப்பெட்டியில் பெருசா போட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்டை நம்பாதீங்க.

எப்படி செட் செய்வது?

1. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, சப்வூஃபர் வயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றுங்கள். கெய்னை மிகக் குறைவாக வையுங்கள். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைஸர் எதுவும் வேண்டாம்.

2. இன்ஜினை ஓடவிடுங்கள். திறந்தவெளியில் மட்டும்! மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

3. 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, வால்யூமை முக்கால் பங்குக்கு வையுங்கள். 40 வரை இருந்தால் 30.

4. மல்ட்டிமீட்டரை ஏ.சி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். கெய்னை மெதுவாகத் திருகுங்கள். 20 வோல்ட் வந்ததும் கையை எடுத்துடுங்க.

5. வால்யூமைப் பூஜ்யமாக்கி, ஆஃப் செய்த பிறகு ஸ்பீக்கரை மாட்டுங்கள்.

இனி 30-தான் உங்கள் எல்லை. பாட்டில் கரகரப்பு கேட்டால் இன்னும் குறையுங்கள். "கொஞ்சம் பாஸ் பத்தலையே" என்று 6 டெசிபல் பூஸ்ட் வைத்தால், அந்த ஒலிக்கு நான்கு மடங்கு சக்தி தேவைப்படும். செய்த வேலை எல்லாம் வீண்.

கடைசியாக ஒன்று. மீட்டர் காப்பாற்றுவது ஸ்பீக்கரைத்தான், காதை அல்ல. 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் உங்களுக்குக் கேட்கலைன்னா, வால்யூமைக் குறைச்சே ஆகணும்!