நெடுந்தீவுக் குதிரையின் முன்னங்காலில் மடிவது முழங்காலா?

இல்லை, அது மணிக்கட்டு! குளம்போ நடுவிரலின் நகம்.

உங்கள் கையைத் தடவிப் பாருங்கள்: மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு, பிறகு மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், விரல்கள். வௌவாலின் இறக்கையிலும், பாக்கு நீரிணைக் கடற்பசுவின் துடுப்பிலும் இதே ஒழுங்குதான்.

ஏன்? யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினையுங்கள். தலைமுறைதோறும் ஓர் அறையை நீட்டுவார்கள், இன்னொன்றை அடைப்பார்கள். குடியிருந்தபடியே திருத்துவதால் அத்திவாரத்தைப் பிடுங்க முடியாது.

உயிர்களும் அப்படியே. பிழைக்க உதவிய சிறு மாற்றங்கள் நிலைத்தன. வௌவாலுக்கு விரல்கள் நீண்டன. குதிரைக்குப் பக்கவிரல்கள் சுருங்கின.

இந்த ஒற்றுமையை 1849இல் உடற்கூற்றியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் விரிவாக எழுதினார். பொது மூதாதையே காரணம் என்று 1859இல் டார்வின் விளக்கினார்.

அடுத்தமுறை கோழிச் சிறகைக் கடிக்கும்போது எலும்புகளை எண்ணுங்கள், உறவு புரியும்.