வானொலிப் பணமும் கடைமடையும்

பழனிசெட்டிபட்டியில் முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளைவிப்போர் நன்கறிந்த நியாயமொன்றுண்டு. தீர்வை செலுத்தியவனது வயல் கடைமடையில் இருப்பினும் அதற்கும் தண்ணீர் சேர வேண்டும் என்பதே அது. பொதுமக்கள் பணத்தால் நடைபெறும் வானொலிக்கும் இந்நியாயம் பொருந்துமாற்றை ஈண்டு விளக்குவோம்.

1927-ஆம் ஆண்டில் பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி தொடங்கப்பெற்றது. ரேடியோப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் செலுத்தினர். அதில் 8 ரூபாய் கம்பெனியைச் சார்ந்தது. ஆயின் பெட்டியுடையார் சில ஆயிரவரே ஆதலின், 1930-இல் கம்பெனி கலைந்தது. சென்னையில் 1924-இல் தோன்றிய ரேடியோ கிளப்பும் பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்திற்று. பலரைச் சென்றடையாத ஒலிபரப்புக்குப் பொருளும் நிலையாது என்பது இவற்றால் விளங்கும்.

பிற்காலத்தில் ரேடியோவுக்கு 15 ரூபாயும் டெலிவிஷனுக்கு 50 ரூபாயும் தபாலாபீசில் செலுத்தும் வழக்கம் இருந்தது. 1980-களின் இடையில் அது நீக்கப்பெற்றது. அன்று முதல் நாம் ஒன்றும் கொடுப்பதில்லை என்பார் உளர். அது பொருந்தாது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1997-இல் அமைந்த பிரசார் பாரதி, விளம்பர வருவாயோடு அரசாங்க மானியத்தையும் பெறுகின்றது. அம்மானியம் நமது வரிப்பணமே. முன்னர்ப் பெட்டியுடையார் நேரே கட்டணம் கொடுத்தனர். இன்றோ துணி வாங்கும் ஏழை மக்களும் ஏதோவொரு வகையில் கொடுக்கின்றனர்.

ஆகவே இப்பணத்தின் முதற்செலவு, ஒலியை யாவர்க்கும் எட்டச் செய்தலாகும். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்லுமாதலின் மலைகள் அதனை மறைக்கும். கொடைக்கானல் மலைமேல் அமைந்த வானொலி நிலையம் தாழ்ந்த நிலப்பகுதிகளுக்கும் பயன்படுவது அதன் உயரத்தினாலேயாம். இரண்டாவது, வர்த்தகர் பொருள் கொடுத்து நடத்த முன்வாராதவற்றை நடத்துதல்: மழைக்குறிப்பு, அணையின் நீர்மட்டம், திராட்சைக்கு வரும் நோய், ஏலத்தோட்டத் தொழிலாளர் நலம் போல்வன. கட்டடமும் நிர்வாகமும் இவற்றிற்குப் பின்னரே நிற்றற்குரியன.

மக்கள் விரும்புவது சினிமாப் பாட்டன்றோ எனச் சிலர் வினவுவர். பாட்டும் வேண்டுவதே, கேட்பாரில்லாத நல்லுரை வீணாகும். எனினும் பாட்டினைத் தரப் பலர் உளர். கடைமடை உழவனுக்கு வேண்டிய செய்தியைத் தருவார் சிலரே.

பிரசார் பாரதியின் கணக்கு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரால் ஆராயப்பெற்றுப் பார்லிமெண்டின் முன் வைக்கப்பெறும். அதனோடு அமையாது, ஒவ்வொரு நிலையமும் தன் செலவை ஆண்டுக்கொருமுறை எளிய தமிழில் நேயர்க்கு வாசித்துக் காட்டுதல் நலம். ரசீது பெறாது கொடுக்கும் பணத்திற்கே கணக்குக் கேட்டல் மிகவும் இன்றியமையாதது. நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.