நீடித்த தலைச்சுற்றல்

நீடித்த தலைச்சுற்றல் என்பது தலைச்சுற்றல், கிறுகிறுப்பு, நிலைதடுமாற்றம் ஆகியவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தொடர்ந்தும் விட்டுவிட்டும் வரும் உடல்நிலை ஆகும். இது தனியொரு நோயின் பெயர் அன்று. உள்காது, மூளை, இவற்றை இணைக்கும் நரம்பு ஆகியவற்றில் ஏற்படும் பல கோளாறுகள் இவ்வாறு வெளிப்படுகின்றன. வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இல்லாததாலும், ஊடுகதிர்ப் படம், இரத்தப் பரிசோதனை போன்றவற்றில் பெரும்பாலும் குறை தென்படாததாலும், பாதிக்கப்பட்டோர் தம் துன்பத்தைப் பிறருக்குப் புரியவைக்க இயலாமல் தவிப்பதுண்டு. எனினும் இவற்றுள் பெரும்பாலான வகைகளின் காரணத்தைக் கண்டறிய முடியும், சிகிச்சையும் உண்டு. தலையை அசைக்காமல் ஓய்வாக இருப்பதே நல்லது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், நீடித்த வகைகள் பலவற்றில் படிப்படியான அசைவுப் பயிற்சியே மீட்சிக்கு உதவுகிறது.

சொல் வேறுபாடு

பேச்சுவழக்கில் 'மயக்கம்', 'தலை சுற்றுகிறது', 'கிறுகிறுப்பு' ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுகின்றன. மருத்துவத்தில் இவை வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன. அறை முழுவதும் சுழல்வதுபோலத் தோன்றுவது தலைச்சுற்றல். தலை கனத்து மிதப்பதுபோல இருப்பது கிறுகிறுப்பு. நடக்கும்போது ஒருபக்கம் இழுப்பதுபோல இருப்பது நிலைதடுமாற்றம். கண் இருண்டு நினைவு தப்புவது மயக்கம். இதற்கு இரத்த அழுத்தம் அல்லது இதயத் துடிப்பு தொடர்பான காரணங்கள் இருக்கக்கூடும். ஆகவே மருத்துவரிடம் 'மயக்கமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், எப்படி உணரப்படுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்தச் செயலின்போது வருகிறது, காது கேட்பதில் மாற்றம் உண்டா என்பவற்றைச் சொல்வது காரணத்தைக் கண்டறியப் பெரிதும் உதவும்.

சமநிலை காக்கப்படும் விதம்

உடலின் சமநிலையை மூளை மூன்று வழிகளில் அறிகிறது: உள்காது, கண், பாதம் மற்றும் மூட்டுகளில் உள்ள தொடுவுணர்வு. ஒவ்வோர் உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது இவற்றிலுள்ள நீர்மம் அசைந்து, திரும்பும் திசையையும் வேகத்தையும் மூளைக்குத் தெரிவிக்கிறது. இவற்றை அடுத்துள்ள இரண்டு சிறு பைகளில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியுள்ளன. இவை ஈர்ப்பு விசையையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன.

தலை அசையும்போது, ஏறத்தாழ 10 மில்லி நொடிக்குள் கண்விழி எதிர்த் திசையில் அதே அளவு நகர்கிறது. தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே ஒரு புத்தகத்தைப் படிக்க முடிவது இதனால்தான். தலையை அசைக்காமல் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டினால் எழுத்துகள் கலங்கிவிடும். இரு காதுகளும் அனுப்பும் செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, உடல் அசையாமலே சுழல்வதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அதுவே தலைச்சுற்றல்.

முக்கிய காரணங்கள்

இடம் மாறிய படிகங்கள்: உள்காதுப் படிகங்கள் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் செல்வதால் வருவது. படுக்கையில் புரளும்போதும், பரணையோ கொடியையோ அண்ணாந்து பார்க்கும்போதும் கடுமையாகச் சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த, தலையை வரிசையாகப் பல நிலைகளில் திருப்பும் முறையால் படிகங்களை மீண்டும் பைக்குள் செலுத்தலாம். பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே குணம் தெரியும். ஆனால் மீண்டும் வரக்கூடியது.

சமநிலை நரம்பு அழற்சி: திடீரெனத் தொடங்கி நாள்கணக்கில் சுழற்சியும் வாந்தியும் இருக்கும். சுழற்சி அடங்கிய பின்னும் தள்ளாட்டம் பல வாரங்கள் நீடிக்கலாம்.

மெனியர் நோய்: பிரெஞ்சு மருத்துவர் பிராஸ்பர் மெனியர் 1861-இல் விவரித்தது. 20 நிமிடங்கள் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுழற்சி, காதிரைச்சல், காது அடைப்பு, ஏறி இறங்கும் செவித்திறன் ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைச்சுற்றல்: 5 நிமிடங்கள் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். சுற்றல் வரும் வேளையில் தலைவலி இல்லாமலும் இருக்கலாம் என்பதால் எளிதில் தவறவிடப்படுகிறது.

இருபுறச் சமநிலை இழப்பு: இரு உள்காதுகளும் செயலிழப்பது. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளாலும் இது நேரலாம். ஸ்ட்ரெப்டோமைசினால் இவ்வாறு பாதிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர், 'ஜே. சி.' என்ற முதலெழுத்துகளுடன் 1952-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தம் நிலையை எழுதினார். நாடித்துடிப்பின் அசைவே பக்கத்திலுள்ள எழுத்துகளைக் குதிக்கச் செய்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையைப் பொருத்திக்கொண்டு படித்ததாக அவர் குறிப்பிட்டுள்ளார்.

கழுத்தெலும்புத் தேய்மானமே தலைச்சுற்றலுக்குக் காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. நடுவயதைக் கடந்த பலருக்கும் ஊடுகதிர்ப் படத்தில் இத்தேய்மானம் தெரியும் என்பதால், அதைக் கொண்டு மட்டும் காரணத்தை முடிவு செய்ய இயலாது.

தலைச்சுற்றல் நீடிப்பது ஏன்

ஒரு காது பாதிக்கப்பட்டால், மூளை புதிய நிலைமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இது ஈடுசெய்தல் எனப்படும். இதில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு உண்டு. தலை அசையும்போது ஏற்படும் பிழையை உணர்ந்தால்தான் மூளையால் அதைத் திருத்த முடியும். சுற்றல் வந்துவிடுமோ என்று அஞ்சித் தலையை விறைப்பாக வைத்துக்கொண்டு, வெளியே செல்வதையும் தவிர்ப்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அச்சத்தால் அசைவு குறைகிறது. அசைவு குறைவதால் தடுமாற்றம் நீடிக்கிறது. தடுமாற்றம் அச்சத்தை மேலும் வளர்க்கிறது.

தொடக்கத்தில் இருந்த நோய் அடங்கிய பின்பும் தடுமாற்றம் நிலைத்துவிடுவதுண்டு. சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பாரனி கழகம் 2017-இல் இதற்கான வரையறையை வெளியிட்டது. சுருக்கமாக பி.பி.பி.டி. எனப்படும் இந்நிலையில், மூன்று மாதங்கள் அல்லது அதற்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் கிறுகிறுப்போ தடுமாற்றமோ இருக்கும். நிற்கும்போதும், நடக்கும்போதும், கூட்டம் நிறைந்த கடைவீதி, அடுக்கடுக்கான கடை அலமாரிகள், வேகமாக நகரும் கைப்பேசித் திரை போன்றவற்றைப் பார்க்கும்போதும் அது மிகும். இது கற்பனையோ நடிப்போ அன்று. ஆபத்து வேளைக்குரிய எச்சரிக்கை நிலையிலேயே மூளை தங்கிவிடுவதும், சமநிலைக்குக் கண்ணை அளவுக்கு மீறி நம்புவதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன.

சமநிலைப் பயிற்சி

1940-களில் பிரிட்டனில் காது அறுவை மருத்துவர் டெரன்ஸ் காதோர்னும் மருத்துவர் எஃப். எஸ். குக்சியும் தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கான படிப்படியான பயிற்சிகளை வகுத்தனர். இன்றைய சமநிலைப் பயிற்சிகளுக்கு இவை முன்னோடியாகும். பொதுவாக இவை மூன்று வகைப்படும்.

பார்வையை நிலைநிறுத்தல்: சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தின் மீது பார்வையைப் பதித்து, அது தெளிவாகத் தெரியும் வேகத்தில் தலையை இடவலமாகவும் பின்னர் மேல்கீழாகவும் அசைத்தல்.

பழக்கப்படுத்தல்: குனிதல், திரும்புதல் முதலிய தொல்லை தரும் அசைவுகளைச் சிறு அளவில் திரும்பத் திரும்பச் செய்தல்.

நிலைத்து நிற்றல்: கால்களைச் சேர்த்து நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பிறகு மெத்தென்ற பரப்பில் நிற்பது எனக் கடினத்தைக் கூட்டுதல். சுவரின் மூலையில், துணைக்கு ஒருவர் இருக்கச் செய்வது பாதுகாப்பானது.

பயிற்சியின்போது இலேசான கிறுகிறுப்பு வருவது இயல்பு. சிறிது நேரத்தில் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். தொடக்க நாள்களில் தொல்லை கூடியதுபோலத் தோன்றுவதால் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். எந்தப் பயிற்சி யாருக்கு ஏற்றது என்பதை இயன்முறை மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்வது நல்லது.

மருந்துகள்

சின்னாரிசின், புரோகுளோர்பெராசின் போன்ற மாத்திரைகள் கடுமையான சுற்றலையும் வாந்தியையும் தணிக்கும். இவை சில நாள்களுக்கு மட்டுமே உரியவை. மாதக்கணக்கில் உட்கொண்டால் தூக்கக் கலக்கம் வரும். மூளையின் ஈடுசெய்தலும் தாமதப்படும். முதியோருக்குக் கைநடுக்கம், உடல் விறைப்பு போன்ற பார்க்கின்சன் நோய் அறிகுறிகளும் தோன்றக்கூடும். மெனியர் நோய்க்குப் பரவலாகத் தரப்படும் பீட்டாஹிஸ்டின், 221 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், மருந்தில்லா மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. எனினும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

அன்றாட வாழ்க்கை

உள்காது பழுதுபட்டவருக்குக் கண்ணும் பாதமுமே துணை. இருட்டில் கண்ணின் துணை நீங்குகிறது. ஈரத் தரையிலும் மெத்தென்ற விரிப்பிலும் பாதத்தின் துணை குறைகிறது. எனவே இரவில் கழிவறைக்குச் செல்லும்போது விழும் ஆபத்து அதிகம். நடைவழியில் சிறு விளக்கு, குளியலறையில் கைப்பிடி, வழுக்காத காலணி ஆகியவை எளிய பாதுகாப்புகள். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்துவிட்டு எழலாம். சுற்றல் திடீரென வருபவர்கள் ஏணி ஏறுவதையும், தனியாக நீந்துவதையும், கட்டுக்குள் வரும்வரை வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். எப்போது, எவ்வளவு நேரம் சுற்றல் வந்தது, அன்று தூக்கமும் உணவும் எப்படி இருந்தன என்று குறித்து வருவது மருத்துவருக்கும் உதவும்.

நல்ல நாளில் எல்லா வேலையையும் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவது பலரிடம் காணப்படும் பழக்கம். வேலையை நாள்தோறும் சமமாகப் பிரித்துச் செய்வது பயன் தரும். நிற்பதற்கும் நடப்பதற்கும் மூளை இடைவிடாமல் கவனம் செலுத்த வேண்டியிருப்பதால் விரைவில் களைப்பும் மறதியும் வருகின்றன. இதைச் சோம்பல் என்று குடும்பத்தார் எண்ணிவிடக் கூடாது. 'நீ எதுவும் செய்யாதே' என்று எல்லா வேலையையும் வாங்கிக்கொள்வதும் மீட்சியைத் தாமதப்படுத்தும். கூடவே நடந்து, கடைக்கும் கோயிலுக்கும் சிறிது சிறிதாக அழைத்துச் செல்வதே மிகுந்த உதவி. அச்சமும் பதற்றமும் மிகுந்தால் மனநல ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

தலைச்சுற்றலுடன் பேச்சுக் குழறல், முகம் அல்லது கை கால் பலவீனம், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், துணையின்றி நிற்கவே இயலாமை, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் பக்கவாதமாக இருக்கக்கூடும். திடீரென ஒரு காது கேட்காமல் போவதும் அவசர நிலையே. பல ஆண்டுகளாகத் தலைச்சுற்றல் உள்ளவர்களும், 'வழக்கமாக வருவதுதான்' என்று இவற்றைப் புறக்கணிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.